பேய் மிட்டாய்களைச் சதுரமாக வெட்டிய நாள்

பக்கத்து வீட்டில் யாரோ முட்டை அடிக்கிறார்கள். தெப்ராவ் சாலையோரத்து இந்த அடுக்குமாடி வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. பீங்கான் கிண்ணத்தில் கம்பி உரசும் சத்தம் முதலில் சேற்றில் கால் வைப்பது போல “சளக், சளக்” என்று தயங்கிக் கேட்கும், பிறகு வேகம் பிடிக்கும், பிறகு வெள்ளைக்கரு நுரைத்துத் தடிக்கத் தடிக்கச் சத்தம் நுரைக்குள்ளேயே அமுங்கிக்கொண்டு போகும். அமுங்குகிற அந்த இடம் வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என்ன வேலை கையில் இருந்தாலும் போய்விடுவேன். நாற்பத்தைந்து வயதுக்காரி முட்டை நுரைக்குப் பயந்து மாடிப்படி இறங்குகிறாள் என்று பார்ப்பவர்கள் நினைக்க வாய்ப்பில்லை; மீன் வாங்கப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். இன்று போகவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

செனாயிலிருந்து செம்மண் பாதையில் ஆறு மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களுக்கு நடுவே தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு வரிசை லயங்கள், ரப்பர் உலர்த்தும் புகைக்கூடம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் “ஆயாக் கொட்டகை”, மேட்டின் மேல் “தொரை பங்களா”. அந்தப் பங்களாவின் குசினியில் என் அம்மா லூர்தம்மாள் சமைத்தாள். துரை ஸ்காட்லாந்துக்காரர். சண்டை வருவதற்கு முன்பு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதக் கடைசி நாளில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஏழெட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கார்களில் வந்து இறங்கும். படுக்கை விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒன்றையொன்று பயமுறுத்தும். பப்பாளியைக் குடைந்து கண் மூக்கு வாய் வெட்டி உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வராந்தாவில் வைத்திருப்பார்கள். ஹாலோவீன் என்பது அந்த நாளின் பெயர். எங்களுக்கு அது “தொரை வீட்டுப் பேய்த் திருநாள்”. மறுநாள் எங்களுக்குச் சகல புனிதர் திருநாள், அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். ஆகவே பேய், புனிதர், செத்தவர் என்று மூன்று நாள் வரிசையாக வருவது எனக்கு இயற்கையாகவே தோன்றியது.

அந்த விருந்துக்கு அம்மா ஒரு மிட்டாய் செய்வாள். துரைசானி சொல்லிக்கொடுத்தது. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, சீனிப் பாகைச் சூட்டோடு நூல் போல ஊற்றி, டின்னில் வந்த ஏதோ ஒரு பசைப்பொடியைக் கரைத்துச் சேர்த்து, மாவு தூவிய தட்டில் கொட்டி ஆறவைத்தால் தலையணை போல மெத்தென்று நிற்கும். இப்போது கடைகளில் பொட்டலம் பொட்டலமாக விற்கிற மார்ஷ்மெல்லோதான் அது. ஆனால் துரைசானியிடம் முக்காடு போட்ட பேய் வடிவத்தில் ஒரு தகர அச்சு இருந்தது. அதை அழுத்தி வெட்டி, கருக்கிய சீனியால் இரண்டு கண் வைத்தால்தான் மிட்டாய் முடிந்தது. அம்மா அதை ஜெபம் படித்த மாதிரிப் படித்திருந்தாள், ஒரு சொல் விடாமல். ருசி வேறு, வடிவம் வேறு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் வாயில் அதன் பெயரே “பேய் மிட்டாய்”.

துரை குடும்பம் சிங்கப்பூருக்கு ஓடியது. ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அரிசி போனது, துணி போனது, காய்ச்சலுக்கான கொய்னா மருந்து போனது. லயத்துக்குப் பின்னால் இருந்த நிலமெல்லாம் மரவள்ளி ஆனது. அதற்கப்புறம் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். சயாமுக்கு என்றார்கள். ரயில் பாதை போடவென்று சிலர், போட்ட பாதையைப் பழுது பார்க்கவென்று சிலர். மூன்று மாத வேலை, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று “பெரட்டு”க் களத்தில் வைத்துச் சொன்னார்கள். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் அந்தக் களத்திலிருந்து முதல் லாரியில் போன பதினோரு பேரிடமிருந்து ஒரு வரிச் செய்திகூட வரவில்லை. இரண்டாவது லாரிக்கான பட்டியலை எங்கள் தோட்டத்து அலுவலகக் குமாஸ்தாவான கிராணி வாசித்தபோது அதில் என் அப்பா சூசையின் பெயர் இருந்தது.

அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். இருமலில் சிவப்பு பட்டதை அம்மா ஒருமுறை சாம்பல் போட்டு மூடியதை நான் பார்த்திருக்கிறேன். அவர் போனால் திரும்ப மாட்டார். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா அவருடைய தட்டில் கிழங்கை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கிராணி லயத்துக்கு வந்தார். பங்களாவில் இப்போது இருக்கிற ஜப்பான் அதிகாரிக்கு நவம்பர் மூன்றாம் தேதி அவர்கள் நாட்டுப் பண்டிகையாம். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம்.

“பழைய தொரைசானிக்கு வெள்ளையா ஒரு மிட்டாய் செய்வீங்களே லூர்தம்மா, அத ஒரு தட்டு செஞ்சுகிட்டு முந்தின நாளே வந்துருங்க. சீனி நான் தரேன். எறும்புக்குக்கூடச் சிந்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

“செய்றேங்க ஐயா” என்றாள் அம்மா. அவர் போன பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். லாரி ஐந்தாம் தேதி வருகிறது. மிட்டாயைக் கொடுக்கும்போது கேட்டுவிடலாம். கேட்பதற்கு அவளிடம் வேறு எதுவும் கிடையாது; நகை கிடையாது, சிபாரிசு கிடையாது, முட்டை நுரையை நிற்கவைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் முட்டை எங்கே? பசைப்பொடி எங்கே? அச்சை யாரோ எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த மூன்றையும் கொண்டுவந்தது அருளப்பன் மாமா.

மாமா என்றால் உறவில்லை. புகைக்கூடத்தில் வேலை செய்த இருபத்து மூன்று வயசுக்காரர், எங்கள் லயத்தின் கடைசி அறையில் தனியாக இருந்தார். அவருடைய அப்பா எந்தக் காலத்திலோ போய்விட்டார்; அவருடைய அம்மா காய்ச்சலில் செத்து எங்கள் தோட்டத்துக் கல்லறையில்தான் கிடந்தாள். யார் என்ன கேட்டாலும், “எனக்கென்ன, முன்னாலயும் யாரும் இல்ல, பின்னாலயும் யாரும் இல்ல, தோதான ஆளு” என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுப்பார். எங்கள் கூரைக்கு அத்தாப்பு ஓலை மாற்றிக் கொடுத்தவர் அவர்தான். எனக்குப் பல்லி வாலைக் காட்டிப் பயமுறுத்தியவரும் அவர்தான்.

அடைகாக்க வைத்திருந்த கோழியின் அடியிலிருந்து ஐந்து முட்டையை எடுத்து வந்தார். கோழி கொத்திய கையை எனக்குக் காட்டினார். பிறகு டயருக்குப் பதிலாக ரப்பர்த் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய சைக்கிளில் செனாய் வரை போய், சீனர் கடை ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கட்டு அகர்அகர் வாங்கி வந்தார். பசைப்பொடி இல்லாவிட்டால் இதைப் போட்டாலும் இறுகும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அச்சுக்கு மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ஒரு தகரப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பா, நீதான பங்களாப் பேய நேர்ல பாத்தவ. எப்படி இருக்கும், சொல்லு.”

“தலையில முக்காடு போட்டிருக்கும் மாமா.”

“நம்ம மேரிக் கெழவி மாதிரியா?”

“கீழ கால் இருக்காது. பாவாட மாதிரி நெளிஞ்சிருக்கும்.”

“அலமாக், கால் இல்லாம எப்படி வேலைக்குப் போகும்? அதுக்கும் கிராணி பேர் போடுவாரே.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாகூட அடுப்பிலிருந்து திரும்பி, “டேய் அருளப்பா, அவள வேலை செய்ய விடுடா” என்றாள். தகரம் வளைந்து வளைந்து பேயானது. ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மிட்டாய் செய்த நாள் கல்லறைத் திருநாள். எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அன்று செத்தவர்களுடைய மரச் சிலுவைகளைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி, புல் செதுக்கி, மெழுகுவத்தி கிடைத்த காலத்தில் மெழுகுவத்தியும் கிடைக்காத காலத்தில் தேங்காய் எண்ணெய்த் திரியும் ஏற்றுவார்கள். சாமியார் வராமல் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் செய்தார்கள். எனக்கு முன்னால் பிறந்து ஆறு மாதத்தில் போய்விட்ட அண்ணன் ஒருவன் அங்கே இருந்தான். அம்மா ஒரு வருஷம்கூட அவனிடம் போகாமல் இருந்ததில்லை. அன்று போக முடியவில்லை.

“நான் எங்கம்மாவுக்குப் பூசப் போறேங்க்கா. ஒங்க புள்ளைக்கும் சேத்துப் பூசிட்டு வந்துர்றேன். நீங்க மிட்டாயப் பாருங்க” என்று அருளப்பன் மாமா சுண்ணாம்புக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

தென்னை ஈர்க்குகளைக் கட்டி அம்மா முட்டை அடித்தாள். முன்பு துரைசானியின் கம்பிச் சுருளால் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. ஈர்க்கில் அது முடிவதாக இல்லை. அவள் கை ஓய்ந்ததும் நான் அடித்தேன், என் கை ஓய்ந்ததும் அவள் வாங்கிக்கொண்டாள். சத்தம் மெல்ல மெல்ல அமுங்கியது. கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் அம்மா, நுரை விழவில்லை. பட்டியல் வாசித்த நாளிலிருந்து அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று வந்து போனது. பாகு காய்ச்சும் வாசனை லயம் முழுக்கப் போய், நாலு வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் வந்து பேசாமல் நின்றார்கள். சீனி வாசனையை மறந்துபோயிருந்த பிள்ளைகள். அம்மா கதவைச் சாத்தினாள். மரவள்ளி மாவு தூவிய தட்டில் அது இறுகியதும் முப்பத்திரண்டு பேய்கள் வந்தன, எல்லாவற்றுக்கும் ஒரு தோள் இறங்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஈர்க்கு நுனியால் இரண்டு கண் வைத்தேன்.

பங்களாவின் பின்பக்கக் குசினி மேசையில் தட்டை வைத்து, மூடியிருந்த துணியை எடுத்தோம். கிராணி குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“என்னது இது?”

“மிட்டாய்தாங்க ஐயா. நீங்க கேட்டதுதான்.”

“கண்ணு வச்சிருக்கு. முக்காடு போட்டிருக்கு. பேய் லூர்தம்மா இது. அவங்க ராஜா பண்டிகைக்கு முப்பது பேயக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. என் கழுத்துல தலை இருக்கறது ஒங்களுக்குப் புடிக்கலையா?”

“எப்பவும் இப்படித்தானங்க செய்வேன்” என்றாள் அம்மா, ஒன்றும் புரியாமல்.

உள்ளே பூட்ஸ் சத்தம் ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனது. கிராணி அவசரமாக ஒரு கத்தியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். “தலைய வெட்டுங்க. பாவாடைய வெட்டுங்க. சதுரமா ஆக்குங்க. சீக்கிரம்.”

அம்மா வெட்டினாள். முக்காடும் கண்ணும் உள்ள தலைகள் ஒரு பக்கம் விழுந்தன, நெளிந்த ஓரங்கள் ஒரு பக்கம் விழுந்தன, நடுவில் வெள்ளைச் சதுரங்கள் வரிசையாக நின்றன. விழுந்ததை எடுத்துத் தின்னச் சொல்லி கிராணி எனக்குத் தலையாட்டினார். இரண்டு வருஷமாகக் கிழங்கைத் தவிர எதுவும் அறியாத நாக்கு. நான் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டேன்.

கத்தி போய்க்கொண்டே இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா கேட்டாள்.

“ஐயா, அவருக்கு நெஞ்சு சரியில்ல. ஒங்களுக்கே தெரியும். பேர எடுத்துருங்க.”

கிராணி கெட்டவர் அல்ல. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பட்டியலில் அவருடைய சொந்தத் தம்பியின் பெயரும் இருந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பன்னெண்டு ஆளு கேட்டிருக்கான் லூர்தம்மா. பன்னெண்டு ஏறணும். யாரு ஏறுறான்னு அவன் பாக்க மாட்டான், தலையத்தான் எண்ணுவான். சூசை பேர எடுத்தா அங்க ஒரு பேர எழுதணும். யார் பேர எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அம்மாவின் கத்தி நின்றது. லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவள் மனசுக்குள் கதவு கதவாகப் போயிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண், இரண்டு பிள்ளை. கிராணி காத்திருந்தார். பெரியவர்கள் கேள்வி கேட்டு யாரும் பதில் சொல்லாமல் நிற்கும்போது எனக்கு எப்போதுமே தாங்காது. ஞானோபதேச வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் நான். வாய் நிறைய இனிப்போடு சொன்னேன்.

“அருளப்பன் மாமாவுக்குத்தான் முன்னாலயும் யாரும் இல்ல, பின்னாலயும் யாரும் இல்லியே.”

கிராணி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

“என்ன லூர்தம்மா?”

ஒரு சொல் போதும். இல்லை என்று, சின்னப் பிள்ளை ஏதோ சொல்லுது என்று. அம்மா அடுத்த பேயைத் தன் பக்கம் இழுத்து, அதன் தலையை வெட்டினாள். பிறகு அதற்கடுத்ததை. கிராணி எழுந்து போனார்.

திரும்பி வரும் வழியில், கல்லறைப் பக்கத்திலிருந்து அருளப்பன் மாமா வந்துகொண்டிருந்தார். கை முழங்கை வரை சுண்ணாம்பு. “என்னக்கா, காரியம் பழமா?” என்று கேட்டார். அவருக்குத் தெரியும், அம்மா எதற்காக மிட்டாய் செய்தாள் என்று. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா மடியில் கட்டியிருந்த இலைப் பொட்டலத்தை எடுத்து அப்படியே அவரிடம் நீட்டினாள். வெட்டி விழுந்ததில் மிச்சத்தை எனக்கென்று கட்டி வைத்திருந்தது அது. அவர் ஒரு தலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

“நல்லா இருக்குக்கா. ஒங்க புள்ளை சிலுவை ஒரு பக்கம் செல்லரிச்சிருக்கு, அடுத்த வாரம் வேற கட்டை போட்டுர்றேன்.”

அம்மா ம் என்றாள். பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவே அறுநூறு அடி இருக்கலாம். திரும்பிப் போய்ச் சொல்ல நேரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது. நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

நாலாம் தேதிப் பெரட்டில் பட்டியலை மறுபடி வாசித்தார்கள். சூசை என்ற பெயர் வரவில்லை. சூசை இருந்த இடத்தில், தம்புசாமிக்கும் வேலாயுதத்துக்கும் நடுவே, அருளப்பன் என்று வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்துவிடுவேன் என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நாலு விரலும் பதிந்து இரண்டு நாள் இருந்தது. அருளப்பன் மாமா தலையைச் சொறிந்துகொண்டு, “போன தடவ என் பேரு இல்லியே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இன்னும் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களில் எங்கள் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேர். காலெல்லாம் புண்ணோடு வந்த தம்புசாமி, ஏதோ ஒரு முகாமில் தண்ணீர் தூக்குகிற வேலையில் அருளப்பனைக் கண்டதாகச் சொன்னார். மழைக்காலத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டதற்கு அவருக்கு ஞாபகம் இல்லை. சாமியார் மறுபடி வரத் தொடங்கியதும் முதல் பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, பொய் சொன்னேன், மாங்காய் திருடினேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குச் சரியான பாவத்தின் பெயர் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அம்மா சாகும் வரை ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் எழுந்ததில்லை. எங்களுக்குள் ஒரு தடவைகூட அந்தப் பெயரை நாங்கள் உச்சரித்ததில்லை. அவள் என்னைக் காப்பாற்றினாளா, நான் அவளைக் காப்பாற்றினேனா, ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டோமா என்று தெரியாமலே அவளைப் புதைத்தேன்.

போன வருஷம் அங்கே போயிருந்தேன். ரப்பர் முழுக்க வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்துவிட்டார்கள். பங்களா இருந்த மேட்டைச் சமப்படுத்தி லாரி நிறுத்துகிறார்கள். லயம் இல்லை, புகைக்கூடம் இல்லை. கல்லறை எந்தப் பக்கம் என்று குலை வெட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியப் பையனிடம் கேட்டேன், இங்கே கல்லறையே கிடையாது என்றான். அண்ணனுடைய சிலுவை, அருளப்பன் மாமாவுடைய அம்மாவின் சிலுவை, எல்லாம் ஏதோ ஒரு பனைக்கு அடியில். ஒரே மாதிரி இடைவெளியில் ஒரே மாதிரி மரங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை. ஒரு வரிசையில் நடக்க ஆரம்பித்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்று, திரும்பிவிட்டேன்.

சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. ஐந்தாம் தேதிக் காலை. லாரி பெரட்டுக் களத்தில் நின்றது, பன்னிரண்டு பேரை எண்ணி ஏற்றினார்கள், பெண்கள் அழுத சத்தத்தில் என்ஜின் போட்டதே கேட்கவில்லை. அருளப்பன் மாமாவுக்காக அழ ஆள் இல்லை. ஒரு துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்பலகை ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்மா கூட்டத்துக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரி நகர்ந்தபோது அவர் எங்களைக் கண்டுபிடித்துவிட்டார். கழுத்தை நீட்டி, ஏதோ மறந்துபோன வேலையைச் சொல்லுகிறவர் மாதிரி, கூட்டத்தின் தலைக்கு மேல் கத்திச் சொன்னார்:

“அக்கா, என் ரூமுக்குப் பின்னாடி மரவள்ளி ரெண்டு வரிசை நிக்குது. நான் வர்றதுக்குள்ள முத்திரும், நீங்க புடுங்கிக்குங்க. பாப்பா சாப்பிடட்டும்.”